ஏஞ்சலுக்குத் துணை தேடியது

என் மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு மீனும் வந்தது. எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் நிரப்பி, மூடியைப் பாதி திறந்து வைத்து, நகரியிலிருந்து திருத்தணி வரை வேனில் மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தாளாம். கறுப்புப் பட்டை போட்ட வெள்ளை ஏஞ்சல் மீன். உள்ளங்கை அளவு இருக்கும். மேலும் கீழும் ரிப்பன்போல நீண்ட துடுப்புகள். அவள் அம்மா வீட்டுத் தொட்டியில் கடைசியாக மிஞ்சியது அது ஒன்றுதான்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற என் மனைவி தூக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாடி இது, கொழம்புக்கா?” என்றாள். கூட்டம் சிரித்தது. பெண் தூக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என் மனைவிக்கு மனதில் ஒன்றும் கிடையாது, வாய்தான் அப்படி. மறுநாளே மகனை விரட்டி இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வாங்கிவரச் செய்தவளும் அவள்தான். குளத்து மீனுக்குப் போடுவதுபோல ஒரு கை பொரியையும் அதில் போட்டுவிட்டாள். மருமகள் ஒவ்வொரு பொரியாக எடுத்து வெளியே போட்டாள்.

மகனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை. விடியும் முன் பஸ் வந்துவிடும். என் மனைவி கோயில் அடிவாரத்தில் பூக்கடைக்குப் போய்விடுவாள். நான் பிளம்பிங் சாமான் கடையில் வேலை செய்கிறேன். முக்கால் இஞ்சா, ஒரு இஞ்சா என்று கேட்பதைத் தாண்டி எனக்குப் பேச்சு வராது. மத்தியானம் சாப்பிட வருவேன். மருமகள் தட்டு வைப்பாள், நான் சாப்பிடுவேன், “போதுமா மாமய்யா?” என்பாள், “ஆங்” என்பேன். இரண்டு மாதம் எங்கள் பேச்சு இவ்வளவுதான். வேற்று வீட்டில் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டே காலம் தள்ளிவிடுமோ என்று எனக்குக் கவலை. அவள் வாய்விட்டுப் பேசியது மீனிடம்தான், அதுவும் தெலுங்கில்.

ஒருநாள் போனில் அவள் அம்மாவிடம், “சேப்ப ஒக்கட்டே உந்தி, பாப்பம்” என்று சொல்வது காதில் விழுந்தது. மீன் ஒண்டியாக இருக்கிறது, பாவம் என்கிறாள். எங்கள் பக்கம் தெலுங்கு புரியாதவர்கள் குறைவு. அந்த மீனுக்குத் துணை வாங்கிக் கொடுப்பது என்று அப்போதே முடிவு செய்தேன். வாயால் சொல்லத் தெரியாத அன்பை வேறு எப்படிக் காட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்து அரக்கோணம் போனேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மீன் கடை. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட டைகர் மீன்கள் துருதுருவென்று ஓடின. பக்கத்தில் வால் விசிறி போன்ற கப்பி மீன்கள். எங்கள் வீட்டில் குத்துவிளக்கு என்றாலும் ஜோடி, புறா என்றாலும் ஜோடி. ஒற்றையாக எதையும் வாங்கமாட்டோம். டைகரில் ஒரு ஜோடி, கப்பியில் ஒரு ஜோடி என்று விரலைக் காட்டினேன்.

கடைக்காரர் மீனை வலையில் அள்ளிக்கொண்டே என்னென்னவோ கேட்டார். எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினால் சீக்கிரம் வெளியே போய்விடலாம் என்று ஆட்டிவைத்தேன். கடைசியாக அவர் கேட்டது, ‘உள்ள வேற மீனு எதுவும் இல்லியே?’ என்பது ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய், ஒரு ஏஞ்சல் இருக்கிறது என்று சொல்லக் கூச்சம்.

வீட்டுக்கு வந்து கவரை நீட்டினேன். மருமகள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். பிறகு, “நல்லா இருக்குது மாமய்யா” என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று இரண்டு கரண்டி சோறு அதிகம் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் கப்பி இரண்டையும் காணோம். என் மனைவி தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்று, “உன் மீனு வயித்தப் பாருடி, மாசமா கீற மாதிரி. விருந்துக்கு வந்ததுங்களயே தின்னுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குது” என்றாள். மருமகள் தலை குனிந்துகொண்டாள், ஏதோ தானே தின்றுவிட்ட மாதிரி.

அடுத்து ஏஞ்சலுக்கே ஆபத்து வந்தது. டைகர் இரண்டும் மாற்றி மாற்றிப் பின்னால் வந்து அந்த நீளமான துடுப்பைக் கொத்தின. விளையாடுகின்றன என்று நான் நினைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். என் மனைவியும் அன்று பூ தீர்ந்து சீக்கிரமே வந்திருந்தாள்.

“காய் கழுவுற கூடை எங்கடி?” என்று கேட்டுக்கொண்டே தேடினாள். கூடை மீன் தொட்டிக்குள் இருந்தது. உள்ளே ஏஞ்சல். ரிப்பன் இருந்த இடத்தில் கிழிந்த நூல். ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

“இன்னாத்துக்குடி அத இதுக்குள்ள போட்ட?”

“டைகர் கடிக்குது அத்தம்மா.”

“கடிக்கும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“மாமய்யா கவர எடுத்துகினு வந்தாரே, அப்பவே. கப்பியும் ஏஞ்சல் வாய்க்குத் தாங்காதுன்னு தெரியும்.”

“அப்ப சொல்றதுக்கு இன்னா?”

“ஆசையா வாங்கினு வந்தாரு. எப்பிடி அத்தம்மா சொல்றது?” என்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். “கேட்டுகினியாய்யா? நீ கேக்க மாட்ட, அது சொல்லாது. நடுவுல ஒரு மீனு சாவப்போவுது.”

சோற்றுக் கையோடு எழுந்தேன். கழுவிவிட்டு வந்து மருமகளின் எதிரே நின்று, “இப்ப இன்னாம்மா செய்யணும்?” என்றேன். நானாக அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். டைகர் இரண்டையும் பிடித்து மூடி போட்ட பக்கெட்டில் விட்டோம். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை டியூப் வைத்து இழுத்தோம். டியூப் வேலை எனக்குக் கைவந்தது என்பதால் அதில் மட்டும் எனக்கு மரியாதை கிடைத்தது. முதல் நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்பு கரைத்து ஊற்றினாள். ஏஞ்சல் அடியில் போய் நின்றது. தீனி போட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பிழைக்குமா என்று கேட்டேன். “தின்னா பொழைக்கும் மாமய்யா” என்றாள்.

ஞாயிறு வந்தும் அது தின்னவில்லை. டைகர்களைத் திருப்பிக் கொடுக்க இருவரும் அரக்கோணம் போனோம். போகும்போதே யோசித்து வைத்திருந்த வார்த்தையைக் கடைக்காரரிடம் சொன்னேன்: “அன்னிக்கு நான் தலையாட்டினது பொய்ங்க. உள்ள ஒரு ஏஞ்சல் இருந்துது.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “டைகர ஏஞ்சலோட உட்டீங்களா? அதுவும் ரெண்டே ரெண்டா? எட்டு பத்து இருந்தா அதுங்களுக்குள்ளயே தொரத்தினு ஓடும் சார். ரெண்டுன்னா ரௌடிங்க, பக்கத்துல இருக்கிறவன் வாலத்தான் புடிச்சி இழுக்கும்.”

பிறகு மருமகள் ஒவ்வொரு தொட்டியாக நின்று பார்த்தாள். தங்க மீனைக் காட்டி, அது அழகாக இருக்கிறதே என்றேன். “அதுக்குக் குளுந்த தண்ணி, ஏஞ்சலுக்கு வெதுவெதுன்னு வேணும். அது ரொம்ப அசிங்கமும் பண்ணும்.” நீலக் கோடு போட்ட குட்டி மீனைக் காட்டினேன். “அதுவும் கப்பி போன வழிலதான் போவும்.” கடைசியில் கறுப்பு மோலியிடம் நின்றாள். வால் குட்டை, உடம்பு ஏஞ்சல் வாய்க்கு அடங்காது. எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பும் அதற்கு ஒத்துவரும் என்றாள்.

“ஜோடியாம்மா?” என்றேன்.

“இல்ல மாமய்யா, மூணு. ஒரு ஆணுக்கு ரெண்டு பொண்ணு வேணும். ஒண்ணே ஒண்ணு இருந்தா அந்த ஆம்பள உடாம தொரத்தி…” என்று ஆரம்பித்தவள், யாரிடம் பேசுகிறோம் என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன். கடைக்காரர் மூன்றை எடுத்துக் கட்டிக் கொடுத்தார்.

மோலிகளை உடனே தொட்டியில் விடவில்லை. ஏஞ்சல் தேறட்டும் என்று பக்கெட்டிலேயே வைத்திருந்தாள். அன்று ரயிலில் திரும்பி வரும்போதே, “இனிமே என்னக் கேக்காம எதுவும் வாங்கினு வராதீங்க” என்று கண்டிப்பாகச் சொன்னாள். சரி என்றேன். எனக்குள் சந்தோஷம் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை குளித்துக்கொண்டிருந்தேன்.

“மாமய்யா! தின்னுச்சு! ஓடியாங்க, தின்னுச்சு!”

எங்கள் வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தலையில் சோப்போடு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினேன். கிழிந்த துடுப்போடு மேலே வந்து இன்னொரு தீனியைக் கவ்விக்கொண்டிருந்தது ஏஞ்சல். மருமகள் கைதட்டினாள். வாசலில் பூக்கூடையோடு கிளம்பி நின்ற என் மனைவி, “மெல்லடி, எதிர் வீட்ல எட்டிப் பாக்குறாங்க” என்றாள்.

“பாக்கட்டும் அத்தம்மா” என்றாள் மருமகள், அதே சத்தத்தில்.