தலைக்கு மேலே பத்து மாடி

மலைமேல் எங்கள் ஜமுனாமரத்தூரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கட்டடத்துக்கு இரண்டாவது மாடி எழுப்புகிறார்கள். புதுத் தூண்களுக்கு ஈரச் சாக்கைச் சுற்றிக் காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறார்கள். தக்காளி வாங்கப் போனவள், அந்த ஈரச் சாக்கும் சிமெண்டும் கலந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். "இன்னாம்மா, ஏர்றீங்களா இல்லியா?" என்று கண்டக்டர் கத்திய பிறகுதான், போளூர் பஸ்ஸின் படியை மறித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. வயதானால் இப்படித்தான், உடம்பு ஓரிடத்தில் இருக்கும், மூக்கு வேறெங்கோ போய்விடும்.

என் மூக்கு போனது சென்னைக்கு, துறைமுகத்துப் பக்கம் இருந்த ஓர் உயரமான ஆபீஸ் கட்டடத்துக்கு. அதற்கு நீளமாய் ஒரு பெயர் உண்டு, யாரும் சொல்லமாட்டார்கள். பஸ்ஸில் "பத்து மாடி ஒண்ணு" என்றால் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். நான் டெலிபோன் ஆபரேட்டராய்ச் சேர்ந்தபோதே அதற்கு வயதாகியிருந்தது. ஆனாலும் மழைக்காலத்தில் அதன் சுவர்கள் புதுக் கட்டடம் போலவே வாசனை விடும்.

அது எழும்பிய கதையைப் பழைய ஆட்கள் டீ குடித்தபடி சொல்வார்கள். கடல் மணலில் இவ்வளவு உயரம் நிற்காது என்று ஊரே சொன்னதாம். அஸ்திவாரத்துக்குத் தூண்களைத் தரைக்குள் அடித்து இறக்கியபோது பக்கத்துக் கடைகளில் டம்ளர்கள் ஆடினவாம். திறந்த பிறகும் பல நாள், சாய்கிறதா என்று பார்க்க எதிர் நடைபாதையில் கூட்டம் நின்றதாம். வெயிலை மறைக்க மேற்குச் சுவர் முழுக்க மெல்லிய சிமெண்டுப் பலகைகளை நெட்டுக்குத்தலாய் நிறுத்தியிருந்தார்கள். விடிகாலைப் பனியில் அவற்றைப் பார்த்தால் எங்கள் மலையில் மரங்கள் நெருங்கி நிற்கிற சரிவு மாதிரியே இருக்கும். இப்போதும் கனவில் அந்தப் பலகைகளுக்கு நடுவே எங்கள் மாடுகள் மேய்கின்றன. விரட்டினால் லிஃப்டில் ஏறிக்கொள்கின்றன.

கட்டடத்தில் எனக்குப் பிடித்தவை தூண்கள். கீழே எந்த இடத்தில் தூண் இருக்கிறதோ, அதே இடத்தில்தான் எல்லா மாடியிலும் இருக்கும். தரைத்தளத்தில் ஒரு தூணை ஒட்டித்தான் என் டெலிபோன் போர்டு. மாடிக்கு ஒரு வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். விளக்கு எரிந்தால் ஒயரைச் செருகி, சினிமாக்காரி குரலில் "போர்ட்" என்பேன். மலையிலிருந்து வந்த பெண் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் நினைப்பு. எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

சேர்ந்த கொஞ்ச நாளில் அப்பா பார்க்க வந்தார். கையில் ஒரு பை சாமை அரிசி. போர்டைப் பார்க்கவில்லை, அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம். கீழே ஆள் உட்கார்ந்திருந்தால் பரணில் யாரும் ஏறக்கூடாது. தானியம் எடுக்க ஏறியே ஆகவேண்டும் என்றால், கீழே இருப்பவரிடம் சொல்லிவிட்டு ஏற வேண்டும். சொல்லாமல் தலைக்கு மேல் நடந்தால் கீழே இருப்பவரின் ஆயுசு குறையும் என்பார்கள்.

"மேல எத்தினி வூடு?"

"வூடு இல்லப்பா, ஆபீஸு. பத்து மாடி."

"உன்கிட்ட சொல்லிக்கினுதான் ஏர்றாங்களா?"

"இன்னாப்பா நீ, இங்க யாரு அதெல்லாம் பாக்கறாங்க?"

"நாம பாக்கறோமே. கெளம்பு, வூட்டுக்குப் போலாம்."

திரும்பிப் போனால் அந்த ஆவணிக்குள் கல்யாணம் முடித்துவிடுவார்கள், இன்னொரு முறை மலையை விட்டு இறங்கவே முடியாது. எனக்கு அந்த போர்டு வேண்டும். ஒரு ஒயரைச் செருகினால் எங்கெங்கோ இருக்கிற இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்களே, அந்த மாயம் வேண்டும். "நான் வர்ல" என்றேன். அப்பாவிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குள் விளக்கு எரிந்தது. பேசி முடித்துத் திரும்பினால் அப்பா இல்லை, பை மட்டும் இருந்தது.

சற்று நேரத்தில் முதல் மாடி விளக்கு எரிந்தது. "போர்டா? இங்க ஒரு பெரியவர் தூண்கிட்ட வந்து நின்னுக்கிட்டு, கீழ எம்பொண்ணு குந்திக்கினுகீறா, காலைப் பாத்து வைங்கன்னு கும்புடறாரும்மா. உங்க அப்பாவா?"

சட்டென்று ஒயரைப் பிடுங்கினேன். அடுத்து இரண்டாம் மாடி விளக்கு, அப்புறம் மூன்றாவது. லிஃப்டில் ஏறாமல், மலை ஏறுகிற காலால் அப்பா படியேறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாடியிலும் அதே தூணைத் தேடிப் பிடித்தார், அங்கே யார் இருந்தாலும் அதையே சொன்னார். போர்டில் விளக்குகள் வரிசை வரிசையாய் மேலே போய்க்கொண்டிருந்தன. வெட்கத்தில் செத்துவிடலாம் போலவும் இருந்தது, அந்த விளக்குகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. பத்தாவது மாடி விளக்கு எரிந்து அணைந்தது. அதற்கு மேல் மொட்டை மாடி, அங்கே டெலிபோன் கிடையாது.

வெகுநேரம் கழித்து இறங்கி வந்தார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நல்ல ஜனங்கதான். உச்சியில ஆளு இல்ல, காத்துதான். நீ இரு."

அவ்வளவுதான். பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து என் பாடுதான் திண்டாட்டம். நாலாம் மாடி மேனேஜர், யாரோடும் சிரிக்காத மனுஷன், காலையில் வந்ததும் கூப்பிட்டார். "போர்டா? இன்னிக்கிப் புது ஷூம்மா. கொஞ்சம் சத்தம் வரும், அப்பா தப்பா எடுத்துக்கப் போறாரு." கேலி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் ரிட்டயர் ஆகும் வரை அந்தத் தூணைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள்.

பிறகு போர்டைக் கழற்றிவிட்டு மேஜைக்கு மேஜை நேர் லைன் கொடுத்தார்கள். என்னைத் தபால் பிரிவில் உட்கார வைத்தார்கள். கம்பெனிகள் ஒவ்வொன்றாய்ப் புறநகருக்குப் போய்விட்டன. அப்பாவும் போய்விட்டார்.

போன வருஷம் கண் டாக்டரைப் பார்க்கச் சென்னை போனபோது அந்தப் பக்கம் போனேன். கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போய், அந்தத் தூணில் சாய்ந்து நின்றேன். மேலே பத்து மாடியும் காலி. தலைக்கு மேல் யாருமே நடக்கவில்லை. யாராவது ஒருத்தர், சொல்லாமல் கொள்ளாமலாவது, ஒரே ஒரு தடவை மேலே நடக்கமாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.