நாகூர் வீட்டுக்கு நான் எழுதிய நாலு பக்கம்

இன்று காலை நாகூரில் ஒரு வீட்டுக்கு பெயிண்டிங் எஸ்டிமேட் கொடுக்கப் போனேன். என்னை அழைத்த வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். இங்கே பொறுப்பு அவருடைய மச்சான்.

எஸ்டிமேட்டின் நாலு பக்கத்தையும் புரட்டிவிட்டு மச்சான் சிரித்தார்.

"பெயிண்ட் அடிக்க இவ்வளவு எழுதணுமாம்மா? மத்தவங்க ஒரே வரியில கொடுத்துட்டாங்க. அந்த ரெண்டாவது பக்கத்தை எடுத்துடுங்க, வேலை உங்களுக்குத்தான்."

அந்தப் பக்கத்தில்தான் கிழக்குச் சுவரில் உப்புப் பூத்திருப்பதைப் போட்டோவோடு எழுதியிருந்தேன். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துக் காயவிடாமல் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழையிலேயே உரிந்துவிடும்.

"எடுக்க மாட்டேங்க. நாளைக்கு உரிஞ்சா என் பேருதானே கெடும்?" என்றேன்.

"அப்ப வேற ஆளைப் பாத்துக்கிறோம்."

அவர் எதிரிலேயே நாலு பக்கத்தையும் துபாய்க்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

மதியம் வீட்டுக்காரரே பேசினார். "அந்தச் சுவரு ஏன் உரியுதுன்னு வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டிருக்கேன். இன்னைக்குத்தான் ஒருத்தர் பதில் எழுதியிருக்கீங்க. நீங்களே செஞ்சு கொடுங்கம்மா."

திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.

நான் நீளமாக எழுதுகிறேன் என்று குறை சொல்லும் மற்றவர்களும் கமெண்டில் வரலாம். பதிலும் நீளமாகத்தான் இருக்கும்.