சேவூரில் ஒரு சக்கர வீடு

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். காலை ஆறரைக்கு ஆரணி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது இடுப்பு என் வசம் இல்லை. வேலூரிலிருந்தே கடைசி இருக்கை. ஒரு டீ குடித்துவிட்டு, ஐம்பது பைசா கொடுத்து டவுன்பஸ்ஸில் சேவூர் போனேன். வெயிலாலும் காற்றாலும் விளக்கெரியும் வீட்டை ஒருவர் கட்டியிருக்கிறார், அதை இழுத்துக்கொண்டும் போகலாம் என்று கேள்வி. பாதி ஆர்வம், பாதி வேடிக்கை பார்க்கும் ஆசை.

ஏழே கால். வயலோரம் நின்றது அந்த வீடு. பழைய டிராக்டர் டிரெய்லர் மேல் பன்னிரண்டடி நீளம், ஏழடி அகலத்தில் ஒரு மரப்பெட்டி. கூரையில் எங்கோ கழித்துப்போட்ட சூரியத் தகடு ஒன்று. பக்கத்தில், லாரி டைனமோவில் இறக்கை கட்டிய காற்றாடி ஆடிக்காற்றில் கடகடத்துக்கொண்டிருந்தது.

கட்டியவர் ஏகாம்பரம், ரைஸ்மில் ஃபிட்டர். மனைவி கன்னியம்மா பட்டு நெய்பவர். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்க, குழித்தறிக்கு வீட்டுத் தரையில் பள்ளம் தோண்ட வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு யார் சம்மதிப்பார்கள்? நான்கு வருடத்தில் நான்கு வீடு மாறியாகிவிட்டது.

"படவேட்ல தோப்புக் காவலுக்கு ஆள் கேட்டாங்க சார். அங்க வூடும் இல்ல, கரண்டும் இல்ல. ரெண்டையும் நானே இஸ்துகினு போறேன்" என்றார் ஏகாம்பரம். சுவிட்சைப் போட்டார். குட்டி விசிறி சுழன்றது. வேடிக்கை பார்க்க வந்த எனக்கு வெட்கமாகிவிட்டது.

கன்னியம்மா மட்டும் இன்னும் சரி சொல்லவில்லையாம். அதில் தறி ஓடினால் வருவேன், இல்லாவிட்டால் ஆரணியில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் முந்தின நாளே தறியை உள்ளே பூட்டி, பாவு நூலையும் ஏற்றி வைத்திருந்தார் ஏகாம்பரம்.

எட்டரைக்குக் கன்னியம்மா வந்தார். ஏறினார். தறிமுன் உட்கார்ந்தார். கால்கள் பலகைத் தரையில் இப்படியும் அப்படியும் தடவின.

"இன்னா மாமா, காலை எங்க வெக்கறது?"

ஏகாம்பரம் குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். நீளம் அளந்தவர், அகலம் அளந்தவர், ஆழத்தைக் கோட்டை விட்டிருந்தார். எந்தப் பள்ளத்துக்காக வீடு வீடாக அலைந்தாரோ, அந்தப் பள்ளமே இந்த வீட்டில் இல்லை!

"நான் ஆரணிக்கே போறேன்" என்று கன்னியம்மா இறங்கிவிட்டார். வீட்டை இழுத்துப்போகப் பத்து மணிக்கு டிராக்டர் வரும். ஏகாம்பரம் சக்கரத்தில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

பத்தடி போன கன்னியம்மா திரும்பினார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். தரைக்கும் பலகைக்கும் நடுவே தாராளமாக இரண்டரை அடி.

"எழுந்திரு மாமா. ஜல்தியா ரம்பத்தை எடு."

புத்தம்புதுத் தரையை மனுஷன் மறுபேச்சில்லாமல் அறுத்தார். கீழே செங்கல் அடுக்கி, அதன்மேல் மிதிகட்டைகளைப் பொருத்தினார். கன்னியம்மா ஓட்டை வழியே காலைத் தொங்கவிட்டு மிதித்தார். ஊடை நூலோடு நாடா இடம் வலமாக ஓடியது. கீழிருந்து புகுந்த காற்றில் பாவு படபடத்தது. காற்றாடிக்கு வேண்டிய காற்று பட்டுக்கு ஆகாது. "சுத்தி சாக்கு கட்டிடு, போதும்" என்று அதற்கும் வழி சொல்லிவிட்டார்.

அரை மணி பிந்தி, பத்தரைக்கு டிராக்டர்காரர் வந்தார். ஏகாம்பரம் மிதிகட்டைகளைக் கழற்றி மேலே வைத்ததும் அவர் கொக்கியை மாட்டினார்.

"எறங்கும்மா, இஸ்தா ஆடும்."

"நாலு வூட்லேந்து எறங்கிட்டேங்க. இதுலேந்து எறங்கறதா இல்ல." காலை மேலே இழுத்து மடித்துக்கொண்டார். ஏகாம்பரம் முகத்தைத் துண்டால் துடைத்தார். வியர்வை என்றுதான் சொன்னார்.

வண்டி படவேட்டுப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையாக இருந்தது. சென்னையில் அப்போது நான் குடியிருந்த வாடகை வீட்டில், காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் மூன்று மாதமாக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன்.