தந்த கட்டில்

செவ்வாய் காலை பாடகர் குழு யேசுதாசன் தொலைபேசியில், "ரீச்சர், பிலோமினா அக்கா மோசம் போயிட்டா" என்றார். "அப்ப வாற ஞாயிறு முதல் வாசகம் ஆர்?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத முடியாது. எங்கள் இருவரையும் நீங்கள் அறிவீர்கள்.

மல்வேர்ன் தமிழ்ப் பூசையில் ஆறு வருடம் வேதாகமத்தின் முதல் வாசகம் வாசித்தவள் நான். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்தில் படித்தவள். ஓர் ஒற்றெழுத்தையும் விழுங்கியதில்லை. பிலோமினா மன்னார்ப் பெண். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. தொண்ணூற்றைந்தில் எனக்குத் தொண்டை கட்டிய ஒரு ஞாயிறு, சுவாமியார் அவரை வாசிக்கச் சொன்னார். அதன்பின் அந்த வாசகம் அவருடையதாகவே ஆகிவிட்டது.

அன்று ஆமோஸ் இறைவாக்கினர். தந்தக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, தம் மக்களின் அழிவுக்கு வருந்தாத சீயோன் செல்வர்களை எச்சரிக்கும் பகுதி. பிலோமினா 'க்'கை விட்டுவிட்டு, 'தந்த கட்டில்' என்று வாசித்தார். யானைத் தந்தம் போய், யாரோ கொடுத்த கட்டிலாயிற்று.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மற்றவர்கள் குனிந்திருந்தார்கள். அகதிகளாக வந்திறங்கிய இந்த நாட்டில் நாங்கள் எல்லோரும் முதலில் படுத்தது யாரோ தந்த கட்டிலில். வீடு வாங்கியபின் அதை மறந்திருந்தோம். புதிதாக வந்த இரண்டு குடும்பங்கள் அப்போது ஒரு நிலக்கீழ் அறையில் தரையில் படுத்திருந்தன. அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

பூசை முடிந்ததும் அவரை மறித்தேன்.

"பிலோமினா, அது தந்தக் கட்டில். 'க்' விழுந்திட்டுது."

"அப்பிடியே ரீச்சர்? நான் எங்கை யானைக் கட்டிலைக் கண்டன்? எங்கட வீட்டிலை கிடக்கிறதெல்லாம் ஆரோ தந்ததுதான்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, "உங்கட மேல் அறையிலை ஒண்டு சும்மா கிடக்காமே?" என்றார்.

அது என் கணவரின் கட்டில். அவர் காலமானபின் விரிப்பைக்கூட நான் மாற்றவில்லை.

"உதைப் பற்றிக் கதைக்காதையும்" என்றேன்.

அன்று மாலைக்குள் ஐந்து வீடுகளிலிருந்து கட்டில்கள் போயின. ஆறு வருடம் நான் பிழையில்லாமல் வாசித்து, ஒருவரும் ஒரு தலையணைகூடக் கொடுத்ததில்லை. வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு அந்தப் பிழையை அவரைப்போல வாசித்துப் பார்த்தேன். என் நாக்கு 'க்'கை விடவில்லை.

எட்டாம் நாள் கட்டிலைக் கொடுத்தனுப்பினேன். மனமிரங்கி அல்ல, அவர் கேட்டு நான் மறுத்தேன் என்று ஊர் பேசக்கூடாது என்பதற்காக. அடுத்த ஞாயிறு பிலோமினா என் பக்கத்தில் வந்திருந்து, "வந்த கட்டிலுகளுக்கை உங்கட கட்டில்தான் ரீச்சர் ஆடாமல் நிக்குது" என்றார். ஒரு குத்தலும் இல்லை. அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆமோஸ் யாரை எச்சரித்தார் என்பது, சரியாக வாசித்த எனக்கு, அவர் பிழையாக வாசித்தபோதுதான் தெரிந்தது. அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர்மேல் கொண்ட பொறாமையை மட்டும் வைத்திருக்கிறேன். அது இருக்கும்வரை நான் கவலையற்றுச் சாய்ந்திருக்க முடியாது.