நடுப்பகல் வண்டி

"ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டபோது, ஜன்னலுக்கு வெளியே அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் கூவியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

யுத்த காலத்தில் எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. ரயில்தான் கடிகாரம். காலை வண்டி போனால் கூழ், சாயங்கால வண்டி போனால் சோறு. இரண்டே வேளை. அரிசிக்கு அலைந்த அந்த நாட்களில் நைனா போட்ட சட்டம் அது. நடுவில் யாரும் பானையைத் தொடக்கூடாது. பிரசவத்துக்கு வந்திருந்த அக்காதான் பாவம், வயிற்றைத் தடவிக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் ஆவடிக்கு ராணுவச் சாமான் ஏற்றிய வண்டி ஒன்று நடுப்பகலில் ஓட ஆரம்பித்தது. முதல் நாள் அதன் புகை மறைவதற்குள் அம்மா அக்காவை உட்காரவைத்துக் கூழ் ஊற்றிவிட்டாள். அன்றைக்கென்று பார்த்து நைனா கழனியிலிருந்து சீக்கிரம் வந்து நின்றார்.

"இன்னா வேள இது?"

"வண்டி பூட்ச்சே, உன் காதுல உழலியா?" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

நைனா அக்காவின் வயிற்றைப் பார்த்தார். "உழுந்துச்சு, உழுந்துச்சு. அவளுக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."

மறுநாள் அந்த வண்டி வரவே இல்லை. உச்சிவெயில் ஏறியதும் நைனாவே கழனியிலிருந்து கத்தினார்: "வண்டி பூட்ச்சு! பெரியவளுக்கு ஊத்துனியா?"

டாக்டர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"வண்டி போனா சாப்பிடுவேன், டாக்டர்" என்றேன்.

நல்லவேளை, இப்போது பத்து நிமிடத்துக்கு ஒன்று போகிறது.