கியர் வண்டிதான் வேண்டும் என்றேன்

என் பிள்ளை பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு மாப்பிள்ளைதான். மாப்பிள்ளை என்றால் என் நாத்தனாரின் கணவர். பிள்ளையார் சத்தியமாகச் சொல்கிறேன், அவரைப் பழிவாங்க எனக்குக் கிடைத்த வழி அந்தக் கார்தான்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காகக் கல்கத்தா லேக் கார்டன்ஸிலிருந்து மாமியார், நாத்தனார், மாப்பிள்ளை எல்லோரும் எங்கள் காரில் கிளம்பினோம். என் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். டாக்குரியா பாலம் ஏறும்போது நெரிசலில் வண்டி அணைந்து, பின்னால் சரிந்து, ஒரு டாக்ஸியின் மூக்கில் இடித்துவிட்டது. பெரிய சேதமில்லை. ஆனால் மாப்பிள்ளை இறங்கிப் போய் இவர் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"அண்ணா, இறங்குங்கோ. பின்னாடி லேடீஸோட போய் உக்காருங்கோ. உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

டாக்ஸிக்காரனிடமும் அதையே வங்காளியில் சொல்லிச் சிரித்தார். அவனும் சிரித்தான். இவர் வந்து எனக்கும் மாமியாருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து, சீர்த் தட்டை மடியில் வாங்கிக்கொண்டார். அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வண்டியையும் விற்றுவிட்டார். அதற்கப்புறம் கொலுவோ, ஆவணி அவிட்டமோ, எதற்கு வந்தாலும் மாப்பிள்ளை, "என்ன அண்ணா, இன்னிக்கும் லேடீஸ் சீட்டா?" என்று கேட்காமல் காபியைத் தொடமாட்டார்.

நான் தினமும் விளக்கேற்றுகிறவள். கோபத்தைக் குறைத்துக்கொடு என்று ஸ்வாமியிடம் எத்தனையோ முறை வேண்டியிருக்கிறேன். இந்த ஒரு கோபத்தை மட்டும் அவரிடம் கொடுக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன்.

கடையில் ஒரே மாதிரி இரண்டு சிவப்பு வண்டிகள் நின்றன. இரண்டிலும் இரண்டே சீட்டுகள். ஒன்று ஆட்டோமேட்டிக், ஒன்று கியர்.

"ஆட்டோமேட்டிக்தாம்மா. கல்கத்தா ட்ராஃபிக்ல க்ளட்சை மிதிச்சு மிதிச்சுக் கால் போயிடும்" என்றான் பிள்ளை.

"அப்போ ஸ்போர்ட்ஸ் கார் எதுக்குடா? டாக்ஸில போயேன்."

"உனக்கென்னம்மா தெரியும் இதைப் பத்தி?"

"மேட்டுல நின்னா எந்தக் கால் எங்க இருக்கணும்னு தெரியும். கியர் வாங்கு. இல்லேன்னா நான் வண்டிப் பூஜைக்கு வரமாட்டேன்."

அவனுக்கும் உள்ளூர கியர் மேல்தான் ஆசை. ஓட்டிப் பார்த்தபோது அந்தக் குட்டைக் கம்பியை முன்னும் பின்னும் தள்ளித் தானாகச் சிரித்துக்கொண்டதை நான் பார்த்தேனே. கியர் வண்டியே வாங்கினான்.

எங்கள் வீட்டில் புது வண்டி எது வந்தாலும், கோவில் வாசலில் முதலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவது மாப்பிள்ளைதான். என் மாமனார் வைத்த வழக்கம். மாப்பிள்ளையோ வெகுகாலமாக ஆட்டோமேட்டிக் தவிர வேறு வண்டி தொட்டதில்லை. இடது காலுக்கு என்ன வேலை என்பதே அவருக்கு மறந்திருக்கும். நான் கியர் கேட்டது அதற்காகத்தான்.

எனக்கு லைசென்ஸ் உண்டு. இவர் வண்டியை விற்ற வருஷமே, கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டேன். பொய்யில்லை, கோவிலுக்கும் போனேன். பிள்ளை வண்டி வாங்குவது முடிவானதும் மறுபடியும் அந்த ஸ்கூலுக்குப் போய்க் கைகாலைப் பழக்கிக்கொண்டேன்.

பூஜையன்று குருக்கள் நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. முன்னாலிருந்த பழங்கள் நசுங்காமல் சாக்கடைப் பக்கம் உருண்டன. மறுபடியும் முயன்றார். மறுபடியும் குதித்து அணைந்தது. எதிர்ப்பக்க டீக்கடையிலிருந்து, "தாதா, க்ளட்ச்! க்ளட்ச்!" என்று கத்தினார்கள். தாதா என்றால் வங்காளியில் அண்ணா.

"ராகு காலம் வந்துடும். யாராவது எடுங்கோ" என்றார் குருக்கள்.

பிள்ளை முன்னால் வந்தான். அவனைக் கையால் நிறுத்திவிட்டு நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"மாப்பிள்ளை, இறங்குங்கோ. லேடீஸோட போய் நில்லுங்கோ. இதுல பின்சீட்டும் இல்லை, பாவம்."

"மன்னி! என்ன பேசறேள்?" என்றாள் நாத்தனார்.

"பழைய பேச்சுதான்டி. நான் கேட்டது, நீயும் கேட்டது."

மாப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்தேன். எனக்குப் பால் பாயசம் குடித்தமாதிரி இருந்தது. இவரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். குருக்கள் வேறு பழங்கள் வைத்தார். நான்கும் நசுங்கின.

நாத்தனார் வீட்டில் சாப்பாடு. அதே டாக்குரியா பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் வீடு. ஏற்றத்தின் நடுவில் வண்டிகள் நின்றன, நானும் நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தால் எங்களுக்கு நேர் பின்னால் மாப்பிள்ளையின் ஆட்டோமேட்டிக் கார், உள்ளே அத்தனை லேடீஸும். ஹேண்ட்பிரேக்கை விட்டு எடுத்தேன். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் சரியவில்லை. பக்கத்தில் இவர் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பாலம் இறங்கி நாத்தனார் வீட்டுச் சந்தில் திரும்பியதும், "நிறுத்தேன்" என்றார்.

"ஏன்?"

"நான் எடுக்கறேன்."

இறங்கி இடம் மாறிக்கொண்டோம். முதல் தடவை வண்டி அணைந்துவிட்டது. உடனே கண்ணாடியைப் பார்த்தார். சந்து குறுகல், ஒதுங்கிப் போக வழியில்லை. பின்னால் மாப்பிள்ளை ஹார்ன்கூட அடிக்காமல் காத்திருந்தார்.

"மெதுவா எடுங்கோ" என்றேன். "அவர் நிக்கட்டும்."