காட்டை விட்டு வெளியே

கைத்தொலைபேசியை இரண்டு கைகளாலும் ஏந்தி, நிரம்பிய கிண்ணத்தைச் சிந்தாமல் கொண்டுவருபவரைப் போலப் பெரியம்மா எங்கள் வளவுக்குள் வந்த அந்தப் பிற்பகல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நெடுந்தீவில் அப்போது மாரிக்காலம். கடல் கொந்தளித்ததால் படகுகள் ஓடவில்லை. நான் மழைக்கு முன் கொடியில் கிடந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டிருந்தேன். பெரியம்மா தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

என் அம்மாவின் மூத்த சகோதரி அவர். இரண்டு ஆண்பிள்ளைகள். இளையவரான சின்னண்ணா இங்கிலாந்துக்குப் போய் அந்த நாட்டுப் பெண்ணையே கட்டினார். அந்தக் கலியாணத்தைப் பெரியம்மாவால் நெடுங்காலம் ஏற்க முடியவில்லை. அண்ணிக்குத் தமிழ் தெரியாது, பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. தொலைபேசியே மொழிபெயர்த்துத் தரும் என்று ஆனபிறகுதான் சுகம் விசாரித்து இரண்டொரு வரி எழுதத் தொடங்கினார்கள். ஆனால் அந்த யந்திரம் சொல்லுக்குச் சொல் மாற்றியது. ஒருமுறை அண்ணி, சின்னண்ணாவைப் பற்றி ‘அண்டர் த வெதர்’ என்று எழுதியிருந்தார். கொஞ்சம் உடம்புக்கு முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். ‘அவர் காலநிலைக்குக் கீழே இருக்கிறார்’ என்று தமிழில் வந்தது. பனி கொட்டுகிறதாக்கும் என்று நினைத்த பெரியம்மா, மகனைத் தடித்த சுவெற்றர் போடச்சொல்லிப் பதில் எழுதினார். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் பல நாள் சிரித்திருக்கிறோம்.

அன்று சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. திரையில் அண்ணியின் மூன்று வரிகள் இருந்தன. ‘அவர் இன்று காலை கத்தியின் கீழே சென்றார். அது தொட்டுச் சென்றது. அவர் இன்னும் காட்டை விட்டு வெளியே வரவில்லை.’

“ஆர் பிள்ளை அவனை வெட்டினது?” என்று பெரியம்மா கேட்டார். குரல் உயரவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டார். “இவனும் காட்டுக்குள்ளையோ?”

‘இவனும்’ என்ற சொல்லில் பெரியண்ணா இருந்தார். போரின் கடைசிக் காலத்தில் வன்னியில் அகப்பட்டவர் அவர். சனத்தோடு சனமாகக் காட்டுப் பக்கம் நடந்து போனதைக் கண்டதாக யாரோ சொன்னதுதான் அவரைப் பற்றி வந்த கடைசிச் செய்தி. அதன்பிறகு ஒன்றுமே வரவில்லை. உயிரோடு இருக்கிறார் என்று சாத்திரம் சொன்னவர்கள் இருந்தார்கள்; முகாம் ஒன்றில் கண்டதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அண்ணி எழுதிய ஆங்கிலத்தைத் தேடி வாசித்தேன். கத்திக்குக் கீழே போவதென்றால் சத்திரசிகிச்சை செய்துகொள்வது என்று எனக்குத் தெரியும். காட்டை விட்டு வராததென்றால் ஆபத்து இன்னும் தாண்டவில்லை என்பது. அவற்றைச் சொன்னேன். ஒருவரும் வெட்டவில்லை, ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார் என்றேன். ஆனால் நடுவரியில் ‘டச் அண்ட் கோ’ என்று இருந்தது. தொட்டுவிட்டுப் போவது என்றால் எது தொட்டது? எது போனது? போய்விட்டது உயிர்தானோ என்ற எண்ணம் வந்ததும் திரையை மெல்லக் கீழே நகர்த்தினேன். அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நடுவிலை ஒண்டை விட்டிட்டாய்.”

“அது எனக்கு விளங்கேல்லைப் பெரியம்மா.”

“விளங்காட்டி விளங்கேல்லையெண்டு சொல்லு. நல்லதாய் ஒரு கதை மட்டும் சொல்லிப்போடாதை. மூத்தவன்ரை விசயத்திலை எல்லாரும் நல்ல கதை சொல்லித்தான் என்னை இருத்தி வைச்சிருக்கினம்.”

அண்ணியை அழைத்துப் பார்த்தேன். மணி அடித்து ஓய்ந்தது. எங்கள் வளவில் இணையம் வந்து வந்து போகும். கல்வேலி மூலையில் மட்டும் சற்று நிற்கும். தூறலில் அங்கே நின்று அந்த மூன்று சொற்களையும் தட்டித் தேடினேன். பக்கம் திறக்க மறுத்தது. திரையில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டேயிருக்க, பெரியம்மா என் பின்னால் நின்று மூச்சுவிடுவது கேட்டது. கடைசியில் திறந்தது. உயிர் போகுமோ நிற்குமோ என்று இழுபறியாக இருந்த நிலை. சத்திரசிகிச்சையின்போது அப்படி இருந்திருக்கிறது. அதை அப்படியே சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல்.

“இழுபறி” என்று தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். “சரி. அப்ப இன்னும் இருக்கிறான்.”

அதற்குப் பிறகு ஒரு கதிரையைக் கொண்டுபோய் அந்த மூலையிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். மழை பெய்தால் குடை. சாப்பாட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு வாய் வைப்பார். படகு ஓடினாலும் அவர் எங்கே போவது? அந்தப் பொழுதுகளில் நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. பேசினால் ஆறுதல் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

காற்று தணிந்த ஒரு காலையில் அண்ணியின் அடுத்த செய்தி வந்தது. நான் போவதற்கு முன்பே பெரியம்மா அதை வாசித்துவிட்டிருந்தார். ‘அவர் காட்டை விட்டு வெளியே வந்துவிட்டார்.’ இப்போது அவருக்கு யாரும் பொருள் சொல்லத் தேவையில்லை. அழுவார் என்று நினைத்தேன். அவர் அந்த வரியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“இப்பிடி ஒரு வரி வரும் வருமெண்டுதான் பிள்ளை இவ்வளவு வருசமும் பாத்துக்கொண்டிருந்தனான். வந்திட்டுது. மற்றவனுக்கு வந்திருக்கு.”

பதிலை ஆங்கிலத்தில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ‘என்ரை வயித்திலை பாலை வார்த்திட்டாய் பிள்ளை’ என்று தானே எழுதி அனுப்பினார். யந்திரம் அதை எப்படி மாற்றிக் கொடுத்ததோ, சற்று நேரத்தில் அண்ணியே அழைத்தார். பதறிப்போயிருந்தார். அம்மாவின் வயிற்றில் யார் பாலை ஊற்றினார்கள், சுட்டுவிட்டதா, பக்கத்தில் வைத்தியர் இருக்கிறாரா என்று என்னைக் கேட்டார். நிம்மதி வந்தால் நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கினேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பெரியம்மா கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். மொழிபெயர்க்க நான் கிட்டப் போனேன். அப்பால் போகச்சொல்லிக் கைகாட்டினார். பிறகு தமிழிலேயே பேசத் தொடங்கினார். பெரியண்ணா பிறந்தது, நடை பழகியது, வன்னிக்குப் போக வெளிக்கிட்ட அன்று என்ன சட்டை போட்டிருந்தார் என்பது வரை. எங்கள் ஒருவருக்கும் சொல்லாததையெல்லாம், ஒரு சொல்லும் விளங்காத மருமகளிடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அண்ணி தொலைபேசியை வைக்கவில்லை; எட்ட நின்ற எனக்கும் அவர் குரல் கேட்டது. சின்னண்ணாவிடம் கற்ற தமிழில் அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பெரியம்மா மூச்சு வாங்க நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் அதைச் சொல்லி ஆமோதித்துக்கொண்டிருந்தார். “ஓம், மாமி. ஓம்.”